ஏடு சொல்லும் அரசும் பாறை சொல்லும் அரசும்

நம்மவர் நால்வர் கூடுமிடத்தில் அரசியற் பேச்சு எழுந்தால் சாணக்கியன் பெயர் வாராமற் போவதில்லை. ஒருவனுடைய சூழ்ச்சியைப் பழிக்க வேண்டினும் அவனைச் ‘சாணக்கியன்’ என்கிறோம். அறிவைப் புகழ வேண்டினும் அவ்வாறே சொல்லுகிறோம். ‘மேனாட்டார் இன்று கண்டதாகக் கூறும் அரசாட்சி முறையெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அர்த்தசாஸ்திரத்தில் எழுதியாகிவிட்டது’ என்று மார்தட்டுவோர் ஒரு சாரார். ‘அது வருணாசிரமத்தார் எழுதிய சூதுநூல், அதனால் நமக்கு ஆவதொன்றுமில்லை’ என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிலும் அந்நூலைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கும் நெடுங்காலம் இருந்ததில்லை. ஆங்கிலத்தின் வழியே கல்வி பயின்ற நமக்கு ஐரோப்பிய மன்னர் பெயர்கள் தெரிந்த அளவிற்கு மௌரியர் பெயர் தெரியாது. தோட்டத்து அலுவலகத்திற் கணக்கெழுதும் வேலைக்கு வந்த பின்னரே, அந்நூலில் ஒரு பெரும்பகுதி கணக்கரையும் அதிகாரிகளையும் பற்றியது என்று எங்கோ படித்து, ‘நம் தொழிலைப் பற்றி அக்காலத்தவன் என்னதான் எழுதினான்’ என்னும் ஆவலால் ஒரு மொழிபெயர்ப்பை வாங்கினோம். வாங்கியது தொழில் ஆவலால். படிக்கப் படிக்க விஷயம் வேறாயிற்று. அதைத்தான் ஈண்டு நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். அந்நூல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் அரசர்க்கெல்லாம் இடையறாது வழிகாட்டி வந்தது என்பது மெய்யன்று. பல நூற்றாண்டுகளாக அதன் பெயரும், பிற நூலார் எடுத்தாண்ட சில பகுதிகளுமே அறிஞர்க்குத் தெரிந்திருந்தன. முழு நூல் மறைந்தே கிடந்தது. 1905ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்திலமைந்த ஓர் ஓலைச்சுவடியை மைசூர் அரசாங்கத்துக் கீழ்த்திசை நூல்நிலையத்திற் கொண்டுவந்து கொடுத்தார். அந்நிலையத்தில் நூலகராயிருந்த சாமசாஸ்திரியார் அச்சுவடியைப் படித்து, இஃது உலகம் இழந்துவிட்டதாக எண்ணிய அர்த்தசாஸ்திரமே என்று கண்டார். 1909இல் மூலம் அச்சாயிற்று. 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாய் வெளிவந்தது. தமிழ்நாட்டார் வடமொழி எழுதப் பயன்படுத்திய எழுத்தில், தஞ்சைத் தரணியில் உறங்கிக்கிடந்த ஓர் ஏடு, இன்று தில்லியில் வெளிநாட்டுத் தூதரகங்கள் நிற்கும் பகுதிக்கே சாணக்கியபுரி என்று பெயர்வரக் காரணமாயிற்று.

நூல் பதினைந்து அதிகரணங்களை உடையது. சந்திரகுப்த மௌரியனுடைய அமைச்சன் கௌடிலியன், அஃதாவது சாணக்கியன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் இதனை இயற்றினான் என்பது மரபு. ஆராய்ச்சியாளர் இன்று அவ்வளவு எளிதில் இதனை ஒப்புவதில்லை. டிரவுட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூலில் ‘உம்’, ‘அல்லது’ போன்ற பொருளையுடைய சிறு சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, பகுதிக்குப் பகுதி நடை வேறுபடுவதால் இஃது ஒரே கையெழுதியதன்று என்று முடிவுகட்டினார். 2013இல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவரும் இலங்கையிற் பிறந்தவருமான ஒலிவெல், நூலின் முதல் வடிவையே மௌரியர்க்குப் பிற்பட்ட காலத்ததாகக் கணிக்கிறார். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்ததெனப் பொருள்கொள்ளப்படும் பவழமும், சீனத்துப் பட்டும் அந்நூலிற் பேசப்படுகின்றன. சொற்களை எண்ணி ஆசிரியனைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கேட்டு நாம் முதலிற் சிரித்தோம். பின்னர், நம் அலுவலகத்திலேயே பழைய பேரேட்டின் பக்கங்களை எந்தக் கிராணி எழுதினார் என்பதை அவர் ‘மேற்படி’ என்று எழுதுவதா ‘ஷை’ என்று எழுதுவதா என்பதைக் கொண்டே நாம் கண்டுபிடிப்பது நினைவிற்கு வந்தது.

நிற்க. கணக்கெழுதுவோன் ஒருவனுக்கு அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தைப் போல இன்பமும் அச்சமும் தரும் படிப்பு வேறு இருக்க முடியாது. அரசாங்கத்து ஆண்டிற்கு 354 நாள் என்று வகுத்து, ஆடிப் பௌர்ணமியில் கணக்கை முடிக்கச் சொல்லுகிறது. கணக்கர் முத்திரையிட்ட புத்தகங்களோடும் கையிருப்போடும் தலைநகருக்கு வரவேண்டும். வந்தவர்களை ஒருவரோடொருவர் பேசவொட்டாமல் ஓரிடத்தில் வைக்கவேண்டும்! ஆண்டிறுதிக் கணக்குப் பரிசோதனைக்கு முதல்நாள் கிராணிமார் தொலைபேசியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கலந்துகொள்ளும் வழக்கத்தை அவன் எப்படி அறிந்தான் என்பது நமக்கு விளங்கவில்லை. அதிகாரிகள் அரசாங்கப் பொருளைக் கையாடும் வழிகள் நாற்பது என்று அவற்றை ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டு வைத்திருக்கிறான். வந்ததை வராததாக எழுதுதல், கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுதல், ஒருவனுக்குக் கொடுத்ததை மற்றொருவன் பெயரில் எழுதுதல், நிறையிலும் அளவிலும் பேதஞ் செய்தல் என அப்பட்டியல் நீளுகிறது. நாற்பத்தொன்றாவது வழியை நம் காலத்தவர் கண்டுபிடித்திருப்பாரேயாயின், அது கணிப்பொறியின் உதவியால் மட்டுமே இருக்கக்கூடும்.

சம்பளப் பட்டியல் ஒன்றும் உண்டு. அக்காலத்து நாணயத்திற்குப் பணம் என்றே பெயர். தலைமை அமைச்சன், புரோகிதன், சேனாபதி, இளவரசன் முதலியோர்க்கு 48,000 பணம். அடிமட்டத்திலிருந்து கால்நடை பார்க்கும் ஏவலாளுக்கு 60 பணம். எண்ணூறு மடங்கு! அரசனுடைய வயலில் வேலை செய்யும் கூலியாளுக்கோ, உணவு நீங்கலாக மாதத்திற்கு ஒன்றேகாற் பணம் விதித்திருக்கிறது. ‘பழைய பாரதத்திற் செல்வம் கொழித்தது’ என்று பேசுவோர் எந்த முனையிலிருந்து பார்த்துப் பேசுகிறார்கள் என்பதை இப்பட்டியலைக் கொண்டு நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு பகுதியைப் படித்தபொழுது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுநேரம் சும்மாயிருந்தோம். அது நூல்நூற்பு அதிகாரியைப் பற்றிய பகுதி. கைம்பெண்கள், உறுப்புக் குறையுடையோர், ஆதரவற்ற பெண்கள் ஆகியோர்க்கு நூல்நூற்கும் வேலை கொடுக்கவேண்டும். வெளியிற் செல்லாத பெண்களுக்குப் பணிப்பெண் வாயிலாகப் பஞ்சை அனுப்பவேண்டும். விடியற்காலையில் நூற்ற நூலைக் கொண்டுவரும் பெண்களிடத்து, விளக்கு நூலைப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படவேண்டும். அதிகாரி அப்பெண்ணின் முகத்தை நோக்கினாலும், வேலைக்குப் புறம்பான பேச்சைப் பேசினாலும் அபராதம். கூலி கொடுக்கக் காலந்தாழ்த்தினால் அதனினும் பெரிய அபராதம். விடியுமுன் இருட்டிலே, அரிக்கன் விளக்கின் ஒளியிலே, பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்ற நம் பாட்டிமாரையும் தாய்மாரையும் எண்ணிப் பாருங்கள். அந்த விளக்கை யார் யார் எதற்கெல்லாம் உயர்த்திப் பிடித்தார்கள் என்பதை அவர்கள் சொல்லியும் சொல்லாமலும் நாம் அறிவோம். இத்தகைய விதியொன்றை எவனோ ஒருவன் எழுதவேண்டுமாயின், அத்தகைய கொடுமையை அவன் கண்ணாற் கண்டிருக்கவேண்டும்.

வேறிடத்திலும் இவ்வாறே. கூலியைக் கொடாதவனுக்குப் பத்திலொரு பங்கோ ஆறு பணமோ அபராதம். பெற்றுக்கொண்டாய் என்று பொய்யாய்ச் சாதிப்பவனுக்கு ஐந்திலொரு பங்கோ பன்னிரண்டு பணமோ அபராதம். கடனுக்காக அடகு வைக்கப்பட்ட ஆளைப் பிணத்தையோ மலத்தையோ எச்சிலையோ எடுக்கச்செய்தால், கொடுத்த கடன் தொகையே அழிந்துபோம்.

இனி, இதே நூலின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மறைப்பது நம் பத்திரிகைக்கு வழக்கமன்று. கூலியைப் பெற்றுக்கொண்டு நூல்நூற்காத பெண்ணின் கட்டைவிரலை வெட்டச் சொல்லுவதும் மேற்சொன்ன அதே பகுதிதான். சண்டாளர் சுடுகாட்டின் ஓரத்தில் வாழவேண்டும் என்று நகரமைப்பிலேயே விதித்துவிடுகிறது. எக்குற்றஞ் செய்தாலும் பார்ப்பனனைச் சித்திரவதை செய்தலாகாது. நெற்றியிற் சூடிட்டு விலக்கலாம் என்கிறது. அபராதங்களும் பிறப்பைப் பார்த்தே ஏறியிறங்குகின்றன. எல்லாவற்றினும் வேடிக்கை, பொக்கிஷம் வறண்டுபோனால் நிரப்புவதற்கு அது கூறும் வழிகள். ஓரிரவில் தெய்வம் தானே தோன்றியதாக ஒரு மேடையை எழுப்பித் திருவிழா நடத்திக் காசு சேர்க்கலாம். மரத்தில் பேய் வந்திருப்பதாக ஒருவனைக்கொண்டு அச்சுறுத்திப் பரிகாரத்திற்குப் பணம் வாங்கலாம். பல தலைப் பாம்பொன்றைக் கிணற்றிலே காட்டிக் கட்டணம் வசூலிக்கலாம். நம்பாதவன் எவனேனும் இருந்தால் அவனுக்கு மயக்கமருந்து கொடுத்துவிட்டுத் தெய்வ சாபமென்று சொல்லிவிடலாம். கோயிலின் பெயராலும் பேயின் பெயராலும் ஏழையின் மடியை அவிழ்க்கும் வித்தையை நாம் வாய்கிழியக் கண்டிக்கிறோம். அதைச் செய்பவனுக்கு அதில் நம்பிக்கையே கிடையாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறெங்கே கிடைக்கும்? வைதிகரே பாதுகாத்து வைத்திருந்த ஏட்டில் அது கிடைக்கிறது.

ஆகவே, அர்த்தசாஸ்திரத்தைக் கொண்டு ‘அன்றைய ஆட்சி இத்தகையது’ என்று நல்லதாகவோ தீயதாகவோ சொல்லிவிடலாமா? அங்கேதான் நாம் இடறினோம். அஃது ‘இவ்வாறு செய்க’ என்று கட்டளையிடும் நூல். ‘இவ்வாறு செய்யப்பட்டது’ என்று கூறும் நூலன்று. இவ்வேறுபாட்டை நமக்குக் கற்பித்தது எந்தப் பேராசிரியருமல்லர். பால்வெட்டும் ஓர் அம்மாள். சில ஆண்டுகளுக்கு முன், சம்பள நாளன்று தம் கணக்கில் இரண்டு நாட் கூலி குறைகிறது என்று அவர் அலுவலகச் சன்னலுக்கு வந்தார். நாம் செக்ரோலைப் புரட்டிப் பார்த்தோம். அவ்விரண்டு நாளும் அவர் பெயருக்கெதிரே வெறுமையாயிருந்தது. ‘கணக்கில் இல்லையே அம்மா’ என்றோம். அவர் கோபிக்கவுமில்லை, அழவுமில்லை. ‘கணக்கிலே இல்லையின்னா, கொட்டின பாலு யாருது ஐயா?’ என்று மட்டும் கேட்டார். பால் நிறுக்கும் கொட்டகையிலிருந்த அழுக்கேறிய நிறைப்புத்தகத்தை எடுத்துவரச் செய்தோம். அவ்விரண்டு நாளும் அவர் பெயரும் எடையும் அதிலே இருந்தன. தவறு நம் கைத்தவறுதான். அன்று முதல் எழுத்தைவிடக் கொட்டகையை நாம் அதிகம் நம்புகிறோம்.

சரித்திரத்திற்கும் ஒரு பால் கொட்டகை உண்டு, அது புதைபொருளாராய்ச்சி. அர்த்தசாஸ்திரம் கோட்டை கட்டும் முறையைக் கூறுமிடத்து, மதிலை மரத்தாற் கட்டலாகாது, நெருப்பு மரத்தில் குடியிருக்கிறது என்று எச்சரிக்கிறது. சந்திரகுப்தன் அவைக்குக் கிரேக்கத் தூதனாய் வந்த மெகஸ்தனீஸோ, பாடலிபுத்திரத்தின் மதில் மரத்தாலானது, அதற்கு 570 கோபுரங்களும் 64 வாயில்களும் உண்டு என்று எழுதிவைத்தான். இருவரில் யார் சொல்வது மெய்? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாட்னாவை அடுத்த புலந்திபாக் என்னுமிடத்தில் தோண்டியபொழுது, மண்ணுக்கடியில் பருத்த மரக்கட்டைகளை இரு வரிசையாய் நிறுத்தி அமைத்த நெடிய அரண் வெளிப்பட்டது. தூதன் கண்டது மெய்யாயிற்று. அப்படியாயின், ‘மரத்தாற் கட்டாதே’ என்று எழுதியவன் மரமதில் சூழ்ந்த அதே நகரத்து அமைச்சன்தானா என்னும் ஐயம் எழுகிறது. அல்லது, எந்த அமைச்சனுடைய ஆலோசனையும் எந்தக் காலத்திலும் அப்படியே கேட்கப்படுவதில்லை என்றும் கொள்ளலாம். இரண்டில் எது சரியாயினும், ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு மார்தட்டுவோர்க்கு அதில் இடமில்லை. அதே வேளையில், மெகஸ்தனீஸையும் முழுக்க நம்புதற்கில்லை. பாரதத்தில் அடிமைகளே இல்லை என்று அவன் எழுதினான். அசோகனுடைய கல்வெட்டுக்களே அடிமைகளைக் குறிப்பிடுகின்றன.

ஏடும் நிலமும் ஒத்துப்போகும் இடங்களும் இல்லாமலில்லை. பண்டகசாலையைப் பற்றிய பகுதியில், சேர்ந்த தானியத்தில் பாதியை நாட்டு மக்களின் ஆபத்துக்காலத்திற்கென ஒதுக்கி வைத்து, மறுபாதியையே செலவிடவேண்டும். புதியது வந்ததும் பழையதை மாற்றவேண்டும் என்று விதி கூறப்பட்டிருக்கிறது. பண்டகசாலையில் ஒரு முழ வாயுடைய தொட்டியை வைத்து மழையை அளக்கவும் சொல்லுகிறது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காயா? கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌராவில் கிடைத்த சிறு வெண்கலத் தகடு, இரண்டு களஞ்சியங்களைக் குறிப்பிட்டு, அவை அவசரத் தேவைக்கு உரியவை என்று அதிகாரிகளின் கட்டளையைத் தெரிவிக்கிறது. வங்காளத்து மகாஸ்தானில், இன்று வங்காளதேசத்திலுள்ள ஊரில், 1931இல் ஓர் உடைந்த கல்வெட்டுக் கிடைத்தது. மௌரியர் காலத்து எழுத்தில் ஆறேழு வரிகள். புண்டரநகரத்து மகாமாத்திரனுக்கு இட்ட ஆணை. இடருற்ற மக்களுக்குத் தானியமும் காசும் கொடுத்துதவ வேண்டும். நல்ல காலம் திரும்பியபின் களஞ்சியமும் பொக்கிஷமும் மீண்டும் நிரப்பப்படவேண்டும் என்பது அதன் கருத்து.

அக்கல்வெட்டுக் கிடைத்துப் பன்னிரண்டே ஆண்டுகளில், 1943இல், அதே வங்காளத்திற் பஞ்சம் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது, பகைவர் கையிற் சிக்கலாகாதென்று கரையோரத்து மக்களின் படகுகளையும் அரிசியையும் சர்க்கார் அகற்றிற்று, விலை ஏறியது, கையில் காசுள்ளவன் பதுக்கினான், கூலிக்காரன் தெருவில் விழுந்தான். இறந்தோர் தொகையை இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சத்திற்கு மேல் வரை பலவாறு மதிப்பிடுவர். ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், இரயிலும் தந்தியும் இல்லாத காலத்தில், அதே மண்ணில் ஓர் அதிகாரிக்கு ‘களஞ்சியத்தைத் திற’ என்று எழுதியனுப்ப ஓர் அரசுக்குத் தெரிந்திருந்தது. அந்நாட்களில் மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பர்மா அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர்வைத்திருந்ததை வீட்டிலுள்ள மூத்தோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். ஆதலால் இக்கல்வெட்டைப் பற்றிப் படிக்குமிடத்து நம்மால் வெறும் ஆராய்ச்சியாளராய் இருக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம்விட நாம் அதிக நேரம் நின்று பார்க்க விரும்புவது குஜராத்தில், ஜூனாகட் நகரிலிருந்து கிர்னார் மலைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பெரும்பாறையை. 1822இல் அவ்வழியே சென்ற கர்னல் டாட் என்பார் அதைப் பார்த்து வியந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அன்று எவரும் அறியார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் நாணயச்சாலை அதிகாரி பிராமி எழுத்தின் மர்மத்தை அவிழ்த்த பின்னரே பாறை வாய் திறந்தது. வாய் திறந்தபொழுது பேசியவர் ஒருவரல்லர், மூவர். எழுநூறு ஆண்டுகளில் மூன்று அரசர் அதே பாறையில் எழுதியிருந்தனர்.

முதலாமவன் அசோகன். பதினான்கு சாசனங்கள். அவற்றில் இரண்டாவதில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி ஏற்படுத்திய நாடுகளைச் சொல்லுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் பெயர்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து எவ்வளவோ தொலைவில், கத்தியவார்ப் பாறையில் நம் மூவேந்தர் பெயரும் செதுக்கப்பட்டுக் கிடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்! நாலாமவராகிய சத்தியபுத்திரர் யார் என்பது நெடுநாள் வழக்காயிருந்தது; 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு அப்பட்டமும் கூடிய கல்வெட்டுக் கிடைத்ததும் வழக்குத் தீர்ந்தது. ஒன்பதாவது சாசனம் நம் கட்சிக்கு உரியது. நோய்க்கும் திருமணத்திற்கும் பிள்ளைப்பேற்றிற்கும் பயணத்திற்கும் மக்கள், குறிப்பாகப் பெண்கள், பயனற்ற சடங்குகள் பலவற்றைச் செய்கின்றனர் என்று அசோகன் இரங்குகிறான். உண்மையான சடங்கு எது எனின், அடிமைகளையும் கூலியாட்களையும் முறையாய் நடத்துதலை முதலிற் சொல்லுகிறான். பாம்பைக் காட்டிக் காசு பறிக்கச் சொன்ன ஏட்டின் அருகில் இதனை வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ‘பழைய பாரதம்’தான், எதை எடுத்துக்கொள்வது என்பது இன்றுள்ளவர் கையில் இருக்கிறது.

இரண்டாமவன் உருத்திரதாமன், சகமரபினன், மேலைநாட்டு க்ஷத்திரப மன்னன். சக ஆண்டு 72, அஃதாவது கி.பி. 150 அளவில் பெருமழை பெய்தது. சந்திரகுப்த மௌரியன் காலத்தில் அந்நாட்டு அதிகாரி புஷ்யகுப்தன் என்னும் வைசியன் கட்டுவித்த ஏரி ஒன்று அங்கே இருந்தது. அசோகன் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவன அதிகாரி அதற்குக் கால்வாய்கள் அமைத்துச் செப்பஞ்செய்திருந்தான். பார்க்க அழகியது என்னும் பொருளில் அதற்குச் சுதர்சனம் என்று பெயர். மலையாறுகள் புரண்டுவர, மரங்களும் கோபுரங்களும் சாய, கரை 420 முழ நீளமும் அதே அகலமும் 75 முழ ஆழமுமாக உடைந்தது. நம் அளவிற் சொன்னால் உடைப்பின் நீளம் அறுநூறு அடிக்கு மேல். தண்ணீரெல்லாம் வெளியேறிப் பாலைவனம்போலாகிப் பார்க்கச் சகியாததாயிற்று என்று, ஏரியின் பெயரையே வைத்துச் சிலேடையாய் வருந்துகிறது கல்வெட்டு.

அரசனுடைய அமைச்சர்கள், ஆலோசனை கூறுவோரும் செயல் நடத்துவோரும், ‘உடைப்பு மிகப் பெரிது, இயலாது’ என்று கைவிரித்துவிட்டனர். கரை இனி எழாதென்று மக்கள் அலறினர். அப்பொழுது ஆனர்த்த சுராஷ்டிர நாடுகளை ஆண்ட அதிகாரி, குலைபன் மகன் சுவிசாகன் என்னும் பகலவன், பாரசீக மரபினன், முன்வந்து வேலையை நடத்தி முடித்தான். கரை முன்னையினும் மும்மடங்கு உறுதியாயிற்று. இதற்காக நகரத்தாரையும் நாட்டாரையும் வரியாலும் விஷ்டியாலும் பிரணயத்தாலும் வருத்தவில்லை, தன் பொக்கிஷத்திலிருந்தே பெரும்பொருள் செலவிட்டேன் என்று உருத்திரதாமன் பொறித்திருக்கிறான்.

இம்மூன்று சொற்களே நாம் இத்தனை நேரம் தேடிவந்தவை. விஷ்டி என்பது கூலியின்றி வாங்கும் கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ என்று வருவது இதுவே. ‘வெட்டி வேலை’ என்று இன்றும் நாம் வெறுப்போடு சொல்லும் சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. பிரணயம் என்றால் அன்பு. அரசன் பொருள் முட்டுப்பட்ட காலத்தில் குடிகளிடம் ‘அன்போடு’ கேட்டு வாங்கும் தொகைக்கு அப்பெயர்! பாம்பையும் பேயையும் காட்டிப் பணம் பறிக்கச் சொன்ன அதே அத்தியாயத்தில் அர்த்தசாஸ்திரம் இப்பிரணயத்தையும் வகுத்து, ஒருமுறைக்கு மேல் கேட்கலாகாது என்று வரம்பு கட்டுகிறது. ஆக, ஏட்டிலிருந்த சொல் பாறையில் எழுந்து நிற்கிறது. அது வெறும் சாஸ்திரச் சொல்லன்று, மக்கள் முதுகில் விழுந்த சொல் என்பது உறுதியாயிற்று.

‘அரசன் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டதை எவ்வாறு நம்புவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அக்கல்வெட்டு அவன் அழகையும், இலக்கணப் புலமையையும், போரிலன்றி மனிதரைக் கொல்லா விரதத்தையும்கூட விரித்துரைக்கிறது. ஆண்டறிக்கை எழுதிப் பழகிய நமக்கு அந்நடை புதிதன்று. ஆயினும் ஒருவன் எதைக்கொண்டு பெருமை பேசுகிறான் என்பதைக் கவனித்தால், அவன் குடிகள் எதற்கு அஞ்சினர் என்பது தானே வெளிப்படும். ‘வெட்டி வாங்கவில்லை’ என்பது கல்லிற் பொறிக்கத்தக்க புகழாயிருந்ததென்றால், ஏரியோ கோட்டையோ சாலையோ எழும்போதெல்லாம் வெட்டி வாங்குவதே வழக்கமாயிருந்திருக்கவேண்டும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அவ்வேரியைக் கட்டியவன் வைசியன். கால்வாய் அமைத்தவன் யவனன். உடைப்பை அடைத்தவன் பகலவன். அவனை ஏவியவன் சகன். பிறப்பைப் பார்த்து அபராதத்தை ஏற்றியிறக்கிய ஏட்டுக்கு அருகே, எவன் எக்குலத்தானாயினும் அணை நின்றால் போதும் என்றிருந்த நாட்டுநடப்பையும் பாறை காட்டுகிறது.

மூன்றாமவன் ஸ்கந்தகுப்தன். குப்த ஆண்டு 136இல், கி.பி. 455 அளவில், மீண்டும் மழை, மீண்டும் உடைப்பு. அதிகாரி பர்ணதத்தன், அவன் மகன் சக்கரபாலிதன் மறு ஆண்டே கரையைக் கட்டி முடித்தான். அதற்குப்பின் அப்பாறையில் ஏரியைப் பற்றிய பேச்சில்லை. இன்று அங்கே ஏரியும் இல்லை. கரை எவ்விடத்தில் நின்றது என்பதையே ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அர்த்தசாஸ்திரத்தில் இக்காலத்திற்கு ஏதேனும் உண்டா என்று நம்மைக் கேட்கும் இளைஞர்களுக்கு நாம் முதலிற் சொல்வது இப்பாறையின் கதையைத்தான். அவர்கள் போர்த்தந்திரத்தையும் ஒற்றரையும் பற்றிக் கேட்கவே வருகிறார்கள். ஏரிக் கரையைப் பற்றிச் சொன்னால் சிலர் முகம் வாடுகிறது. பரவாயில்லை. ஆனால் அண்மையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நம்மால் விடை கூற இயலவில்லை. வரி வாங்கவில்லை, வெட்டி வாங்கவில்லை என்கிறானே உருத்திரதாமன்; அப்படியாயின் அறுநூறு அடி உடைப்பை அடைக்க மண் சுமந்தவர்களுக்கு நாட்கூலி எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டார். புஷ்யகுப்தன் பெயர் இருக்கிறது, துஷாஸ்பன் பெயர் இருக்கிறது, சுவிசாகன் பெயரும் அவன் தகப்பன் பெயரும் இருக்கின்றன, உடைப்பின் நீளமும் அகலமும் ஆழமும் முழக்கணக்கில் இருக்கின்றன. கூலிக்கணக்கு மட்டும் அப்பாறையில் இல்லை.